சாரத்தில் ஏறிய முதலியார்

முதலியார் குடையை மடக்கி என் கையில் கொடுத்தார். தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஜோடி பிசகாமல் ஒரு ஓரமாக வைத்தார். பிறகு மூங்கில் ஏணியின் முதல் படியில் காலை வைத்தார்.

ஓய்வுபெற்ற டிப்டி தாசில்தார் ஒருவர் ஏணி ஏறுவதைப் பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நகரசபை சேர்மன், கமிஷனர், சில கவுன்சிலர்கள், கட்டடப் பிரிவு குமாஸ்தாவாகிய நான், அந்தத் தெருவில் பாதிப் பேர், எல்லோரும் அண்ணாந்து நின்றோம். தை மாதத்துக் காலை. தென்னந்தோப்பில் ஒரு மட்டை கூட அசையவில்லை. புது மூங்கிலின் பச்சை வாசனையோடு, தூரத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து ஆவாரம்பட்டை ஊறும் வாசனையும் சேர்ந்து வந்தது.

ஏணியின் நடுவில் முதலியார் நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். அதற்காக அவர் நிற்கவில்லை. ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வாயருகே குவித்து, ஒரு காலத்தில் தாலுகா ஆபீசையே எழுந்து நிற்க வைத்த குரலில் கூப்பிட்டார்:

“கோஷா…! கோஷா…!”

அந்தக் கூப்பாட்டோடு அவர் தோற்றுவிட்டார். அது அவருக்கும் அப்போது தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஊரின் பெயர் வேண்டாம்

அது எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஆம்பூருக்குப் பக்கத்தில், பாசஞ்சர் ரயில் நிற்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ற இதழில் குழாய்த் தண்ணீர் விவகாரத்தை எழுதியதற்கே, “தாங்கள் குறிப்பிடும் கவுன்சிலர் என் பெரியப்பாவா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை என்று உடனே பதில் போட்டுவிட்டேன். நகரசபைப் பணியில் நான் முதலில் கற்றுக்கொண்ட பதில் அதுதான்.

நயா பைசா வந்த புதிது. காய்கறிக்காரி சில்லறை கொடுக்கும்போதெல்லாம் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் வேலூரிலிருந்து அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து, யார் வீட்டுத் திண்ணை எவ்வளவு சாக்கடைமேல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துகொண்டிருந்தேன்.

ஊரிலேயே கௌரவமான தெரு தோப்புத் தெரு. பெரிய பெரிய வீடுகள். வீட்டுக்கு வீடு நீண்ட கொல்லை, கிணறு, நாலு தென்னை. தெருவின் ஒரு சிறகில், அதாவது ஒரு பக்க வரிசையில், முதலியார் போன்ற ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள். எதிர்ச் சிறகில் ஹக்கீம் சாயபு போன்ற பழைய முஸ்லிம் குடும்பங்கள். இரண்டு பக்கத்துக் கொல்லைகளுக்கும் பொதுவாக, தெருக்கோடியில் ஒரு தோப்பு. அது தோல் ஷாப்பு முதலாளி முனீர் பாய்க்குச் சொந்தம்.

அந்தத் தோப்பில் பாதி மரங்களை எடுத்துவிட்டு, கீழும் மேலுமாக வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விட முனீர் பாய் மனுப் போட்டார். வீட்டுக்கு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு தாழ்வாரம். ஷாப்பில் வேலை செய்பவர்கள், வாத்தியார்கள், ரயில்வே போர்ட்டர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். மனுவில் “யார் வேண்டுமானாலும்” என்று எழுதியதுதான் அவர் செய்த தவறு. அந்த இரண்டு சொற்களால் தோப்புத் தெருவுக்கே காய்ச்சல் வந்துவிட்டது.

கோஷாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ச் சிறகு வீடுகளின் பெண்கள் கோஷாப் பெண்கள், வெளி ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். ஆகையால் தேங்காய் பறிக்கவோ, ஓடு மாற்றவோ, விளக்குக் கம்பத்தில் ஏறவோ எவன் உயரத்துக்குப் போனாலும், பாதியில் நின்று “கோஷா” என்று குரல் கொடுக்க வேண்டும். சுற்றுக் கொல்லைகளில் இருப்பவர்கள் உள்ளே போவார்கள். பிறகு அவன் ஏறுவான். நாளடைவில் முதலியார் சிறகுப் பெண்களும் அந்தக் குரலுக்கு உள்ளே போகப் பழகிவிட்டார்கள். கிணற்றடியில் ஈரப்புடவையோடு நிற்பவளுக்கு அந்த ஏற்பாடு வசதியாகத்தானே இருக்கும்? அந்தத் தெருவில் பிறந்தவன் மதில்மேல் விழுந்த பட்டத்தை எடுக்கப் போனாலும் முதலில் தொண்டை திறக்கும், அப்புறம்தான் கால் எழும்பும்.

எந்தப் பக்கம்?

இந்த வீடுகள் வருமா வராதா என்பது முனீர் பாயைவிட அருளப்பனுக்குத்தான் பெரிய கவலை.

அருளப்பன் வேலூரில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். முனீர் பாயின் ஷாப்பில் தோலுக்கு மெருகேற்றும் மெஷினில் வேலை. திமிரியில் பெண் எடுத்தான். பெயர் சலோமி. கல்யாணமாகி இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. இன்னும் அவள் திமிரியில் அப்பா வீட்டில் இருந்தாள். இவன் ஷாப்புக்குப் பின்னால் ஒரு கூடத்தில் ஐந்தாறு ஆண்களோடு படுத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை ஷாப்புச் சங்கு ஊதியதும் பஸ் ஏறுவான். திங்கட்கிழமை சங்குக்குத் திரும்பி நிற்பான்.

வீடு கிடைக்காமல் இல்லை. அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தடவை நானும் கூடப் போனேன். ஷாப்பு வாசனை போக ஒரு முழு சோப்பைத் தேய்த்துக் குளித்து, பவுடர் கொட்டிக்கொண்டு வந்திருந்தான்.

வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். “இன்னா இவ்ளோ வாசன? நாடகத்துல நடிக்கிறியா?”

“இல்லீங்க. தோல் ஷாப்புல வேல.”

“ஓ… எந்த ஊரு?”

“வேலூருங்க.”

“வேலூர்ல எந்தப் பக்கம்?”

எந்தப் பக்கம் என்றால் எந்த ஜாதி என்று அர்த்தம். எங்கள் ஜில்லாவில் இப்படித் திசை விசாரிப்பவர்களுக்குப் போகிற வழி நன்றாகவே தெரியும். பக்கத்தைச் சொன்னான். வீடு ஏற்கெனவே யாருக்கோ பேசிவிட்டதாகத் தெரியவந்தது.

வெளியே வந்ததும் அருளப்பன் சிரித்தான். “சோப்பு வேஸ்ட்டுடா. அந்தாளு மூக்கால மோந்தாகூடப் பரவால்ல. காதால இல்ல மோப்பம் புடிக்கிறான்.”

சிரித்தானே தவிர, உள்ளே பேஜார்தான். திமிரியில் மாமனார் ஒரு திட்டம் வைத்திருந்தார். ஆடி பிறந்தால் மல்லாக்கொட்டை விதைக்க வேண்டும், ஆள் இல்லை. மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கட்டும். “நிலம் கீது, வீடு கீது, பொண்ணும் இங்கதான் கீது. இன்னா கொறச்சல்?” என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பார்.

“எனக்கு ஏர் புடிக்கத் தெரியாதுடா,” என்பான் அருளப்பன். “வீட்டோட மாப்ளயா போனா, அந்தாளு மாட்டுக்கு லீவு குடுத்துட்டு என்னத்தான் கட்டுவாரு.”

சலோமி இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தாள். “ஆடிக்குள்ள ஒரு கூரைய காட்டு, வர்றேன். இல்லன்னா நீ வந்து எங்கப்பன் கூரைக்கு அடியில படு. பஸ்ஸுலயே குடும்பம் நடத்த என்னால ஆவாது.”

முனீர் பாய் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். “தை மாசத்துக்குள்ள லைசென்ஸ் வந்துட்டா, ஆனிக்குள்ள மொத வரிசய முடிச்சிடுவேன். மாடில மூல வீடு ஒனக்கு.” ஆக, அருளப்பன் மெஷின்காரனாக இருப்பானா, மாமனாரின் ஏர்க்காரன் ஆவானா என்பது நகரசபையின் கையில் இருந்தது. இதைவிட ஆபத்தான இடத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கை இருக்க முடியாது என்பதை உள்ளே உட்கார்ந்திருந்த நான் அறிவேன்.

நாங்கள் ஏழைகளுக்கு எதிரிகள் அல்ல

முறைப்படி தோப்பின் வாசலில் நோட்டீஸ் ஒட்டினோம். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று எழுதியிருந்தது. தோப்புத் தெருவுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

என் அனுபவத்தில் எல்லா ஆட்சேபணை மனுவும் “நாங்கள் ஏழைகளுக்கு எதிரிகள் அல்ல” என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வாக்கியத்தைக் கண்டால், அடுத்த பாராவில் “ஆனால்” எங்கே இருக்கிறது என்று தேடிப் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். வேலை சீக்கிரம் முடியும்.

வரதராஜ முதலியாரின் மனுவைக் குறை சொல்ல முடியாது. ஆயுள் முழுக்க அடுத்தவர் மனுக்களை நிராகரித்தவர் எழுதியது. நிராகரிக்க இடமே வைக்கவில்லை. கிணறுகள் வற்றும். சாக்கடை பொங்கும். தோல் வாசனை தெருவுக்குள் குடிவரும். நெருக்கமாக வாழ்பவர்கள் சண்டை போடுவார்கள். சண்டை போடாவிட்டால் பாட்டுப் பாடுவார்கள். “மேற்படி தெருவின் அமைதி பரம்பரையாக அனுபவிக்கப்பட்டு வருவது” என்று ஒரு வரி. அமைதிக்கும் பட்டா வாங்கிவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒவ்வொன்றுக்கும் முனீர் பாய் சளைக்காமல் பதில் சொன்னார். புதுக் கிணறு தோண்டுகிறேன். சாக்கடையை என் செலவில் அகலப்படுத்துகிறேன். பாட்டுக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை, நல்ல பாட்டாகப் பாடச் சொல்கிறேன்.

கவுன்சில் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முதலியார் அதற்காகத்தான் காத்திருந்தவர் போல எழுந்தார்.

“சிரிங்க, நல்லா சிரிங்க. மாடில நின்னா எங்க கொல்லை அத்தனையும் தெரியும். எங்க வீட்டுப் பொம்பளைங்க கெணத்தடியில குளிக்கறது, துணி காயப் போடறது எல்லாம். எதுர் வீட்ல ஹக்கீம் சாயபு கோஷா குடும்பம். அவங்க எங்க போவாங்க? சொல்லுங்க முனீர் பாய்.”

ஹக்கீம் சாயபு தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முனீர் பாயின் முகம் வாடிவிட்டது.

“என் அக்காவ அந்த வீட்லதான் குடுத்திருக்கோம்,” என்றார். “அத நான் எப்டி ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன்? பின்பக்கம் பூரா சொவுரு எழுப்பிடறேன்.”

கமிஷனர் தலையை ஆட்டினார். “ஜன்னல் இல்லாத அறைக்கு லைசென்ஸ் தர முடியாது. காத்து வரணும், வெளிச்சம் வரணும். விதி.”

ஜன்னல் வைத்தால் மானம் போகும். வைக்காவிட்டால் லைசென்ஸ் போகும். வெளியே வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அருளப்பனைப் பார்த்தேன். கையை உயர்த்தி, ஏர் பிடித்து மாட்டை அதட்டுவதுபோல் எனக்கு ஜாடை காட்டினான்.

லாங் பஜார் ஜன்னல்கள்

இந்த இடத்தில் சொந்தக் கதை கொஞ்சம்.

நான் பிறந்து வளர்ந்தது வேலூர் லாங் பஜாரில், ஒரு வெல்ல மண்டிக்கு மேலே. கீழே கைவண்டிக்காரர்கள் “ஓரம், ஓரம்” என்று கத்துவதுதான் எங்களுக்குத் தாலாட்டு. சந்துக்கு எதிர்ப்பக்கத்து மாடியில் ஒரு ஜவுளி வியாபாரி, குடியாத்தத்துக்காரர். அவர் வீட்டு ஜன்னலும் எங்கள் வீட்டு ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு கூடை. கறிவேப்பிலை அந்தப் பக்கம் போகும், முறுக்கு இந்தப் பக்கம் வரும். எங்கள் வீட்டில் ரசம் கொதித்தால் அங்கே அப்பளம் பொரிப்பார்கள் என்று என் அம்மா சொல்வதுண்டு. கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் ரொம்பப் பொய்யும் இல்லை.

மானம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அது ஒரு திரைச்சீலையில் இருந்தது. திரை போட்டிருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். பார்க்க முடியாது என்பதால் அல்ல, பார்க்கக் கூடாது என்பதால். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை நடக்கும்போது எதிர் வீட்டுக்காரர் தன் வானொலியைச் சத்தமாக வைப்பார். அதைவிட நாகரிகமான மனிதரை நான் பிறகு எந்த அகலமான தெருவிலும் சந்திக்கவில்லை.

ஆகவே தோப்புத் தெருவின் பயம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் குமாஸ்தாவுக்கு விளங்க வேண்டும் என்று விதி இல்லை. குறித்துக்கொண்டால் போதும்.

என்ன தெரிகிறது?

சேர்மன் மர வியாபாரி. எதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார்.

“எல்லாரும் தெரியும் தெரியும்ங்கறீங்க. இன்னா தெரியும்னு எவனாவது ஏறிப் பாத்தானா?” என்றார். “மாடி எவ்ளோ ஒசரமோ அவ்ளோ ஒசரத்துக்குச் சாரம் கட்டுங்க. ஆட்சேபண சொன்னவரே ஏறிப் பாத்துச் சொல்லட்டும். அங்கயே எழுதிக் கையெழுத்து வாங்கிடலாம்.”

முதலியாருக்கு மகா திருப்தி. ஸ்தல தணிக்கை, நேரடிச் சாட்சி, அதுவும் தானே சாட்சி. வாழ்நாளில் இப்படி ஒரு வழக்கு அமைந்ததில்லை என்று என்னிடமே சொன்னார்.

அப்படித்தான் அந்தத் தை மாதக் காலையில் அவர் பாதி ஏணியில் நின்று “கோஷா” என்று கூப்பிட்டார். தெருவில் பிறந்து வளர்ந்தவர். கூப்பிடாமல் அவரால் மேலே ஒரு படி வைக்க முடியாது. கூடியிருந்த யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. சேர்மன் கூட மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார். சற்றுப் பொறுத்து முதலியார் ஏறினார். குறிப்பு எழுத நானும் பின்னால் ஏறினேன்.

மேலே நின்றால் கொல்லைகள் எல்லாம் விரித்த பாய் போலத் தெரிந்தன. பாதி தேய்த்த பித்தளைக் குடம் ஒன்று சாம்பலோடு கிடந்தது. கயிற்றில் பாதி போட்ட புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹக்கீம் சாயபு வீட்டுக் கிணற்றில் ராட்டினம் இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சேவல் மட்டும் எங்களை நேருக்கு நேர் முறைத்தது. கதவுகளுக்குப் பின்னால் எங்கோ வளையல் சத்தம்.

“இன்னா தெரியுது?” கீழேயிருந்து சேர்மன் கேட்டார்.

“எல்லாக் கொல்லையும் தெரியுது!” என்றார் முதலியார், வெற்றிக் குரலில்.

“பொம்பளைங்க?”

முதலியார் ஒரு முறை நாலா பக்கமும் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். தன் குரலுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்ற பெருமை அவர் முகத்தில்.

“ஒருத்தர் கூடத் தெரியல!” என்றார்.

நான் எழுதிக்கொண்டேன். கீழே இறங்கி, படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர் வீட்டில் காபி கொடுத்தார்கள். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கமலாம்பாள், யாரைப் பார்த்தும் இல்லாமல் பேசினார்: “தேங்கா பறிக்கறவன் எப்பவோ ஒரு வாட்டி வந்து குரல் குடுக்கறான். மாடி வந்தா தெனம் குடுப்பாங்க போல. நல்லதுதான். இந்தத் தெருவுல மனுஷக் கொரல் கேட்டே நாளாச்சு.”

“காபில சக்கர கம்மி,” என்றார் முதலியார்.

நியாயமான அவகாசம்

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் நான் அறிக்கையைப் படித்தேன். “மேற்படி உயரத்தில் நின்று ஆட்சேபணைதாரர் பார்த்ததில், சுற்றியுள்ள கொல்லைகள் தெரிந்தன. பெண்கள் எவரும் தென்படவில்லை.”

முதலியார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தலையாட்டல் திடீரென்று நின்றது. எழுந்தார்.

“இருங்க, இருங்க! நான் கொரல் குடுத்தேன் இல்ல? அதனாலதான உள்ள போனாங்க!”

சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப, கொரல் குடுத்தா உள்ள போயிடறாங்க.”

“ஆமா!”

“மாடில கீறவன் கொரல் குடுத்தா போதும்னு நீங்களே ஏறிக் காட்டிட்டீங்க, முதலியாரே.”

இந்தத் தடவை சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. முதலியார் நின்றுகொண்டே இருந்தார். பாவம், குரல் கொடுக்காமல் ஏறியிருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் குரல் கொடுக்காமல் ஏறியிருந்தால் அவர் முதலியார் இல்லை.

“அவனுங்க குடுப்பானுங்களா?” என்று கடைசியாகக் கேட்டார்.

ஹக்கீம் சாயபு திரும்பினார். “மரம் ஏறுறவன் குடுக்கறான். லைட்டு மாட்டறவன் குடுக்கறான். குடியிருக்கறவன் மட்டும் குடுக்க மாட்டானா, தோஸ்த்? எழுதி வாங்கிக்குவோம்.”

அப்படியே லைசென்ஸில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. மாடியில் குடியிருக்கும் ஆண்கள் பின்ஜன்னலைத் திறக்கும் முன்னும் பின்தாழ்வாரத்துக்கு வரும் முன்னும் குரல் கொடுத்து, நியாயமான அவகாசம் விட வேண்டும். “நியாயமான அவகாசம்” என்பது என் சொந்தச் சொற்கள். அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது. இப்படி ஒரு நிபந்தனை போட நகரசபைக்கு அதிகாரம் உண்டா என்றால், கிடையாது. அதை அறிந்த கமிஷனர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். தீர்மானம் நிறைவேறியது.

ஆனி கடைசியில் சலோமி வந்து இறங்கினாள். கூடவே அவள் அப்பா, தலையில் ஒரு மூட்டை மல்லாக்கொட்டையோடு. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். ஒரு குறையும் கிடைக்காமல், “மாடு கட்ட எடமில்ல,” என்றார் வருத்தத்தோடு.

அருளப்பன் மனைவியிடம் நிபந்தனையை விளக்கினான்.

“இன்னாது? நம்ம வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போவ நாம கத்தணுமா?”

“நீ வேணாம். ஆம்பளைங்க மட்டுந்தான். நான்தான் கத்தணும்.”

சலோமி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப சரி. இந்த வீட்லயாவது எனக்கு முன்னாடி நீ சத்தம் போடு.”

தாழ்வாரத்திலிருந்து

ஒவ்வொரு நாளும் விடிந்ததும், ஷாப்புச் சங்குக்கு முன்னால், அருளப்பன் கதவைத் திறக்காமலே “கோஷா…!” என்பான். நல்ல சாரீரம், சர்ச்சில் பாடுகிறவன். கமலாம்பாள் அந்தக் குரலுக்கு அடுப்பு மூட்டப் பழகினார். ஹக்கீம் சாயபு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அவன் வேலைக்குப் போனபின் சலோமி தாழ்வாரத்தில் நின்று மீன்காரியின் அன்றைய விலையை இரண்டு சிறகுக்கும் அறிவிப்பாள். சில மாதங்களில் அந்தத் தாழ்வாரத்திலிருந்து முதலியார் கொல்லைக்கு ஒரு கயிறு இறங்கியது. கயிற்றில் ஒரு கூடை. ஆபீசுக்குத் திரும்பி விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். கட்டடப் பிரிவு விதிகளில் கூடையைப் பற்றி ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

“எந்தப் பக்கம்” என்ற கேள்வியும் அந்தத் தெருவிலிருந்து ஒரேயடியாகப் போய்விட்டதாகச் சொல்லமாட்டேன். ஆரம்பத்தில் கூடையில் கீழிருந்து மேலே மட்டும்தான் பண்டம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சலோமி கருவாட்டுக் குழம்பை இறக்கினாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. கமலாம்பாள் வீட்டில் சைவம். குழம்பை யார் சாப்பிட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வெறுங்கிண்ணம் மேலே வந்து காத்திருந்ததாம்.

பிறகு ஒரு நாள் காலை, அருளப்பன் குரல் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் முதலியார் குடையோடு வரிசை வீடுகளின் வாசலில் நின்றார்.

“இன்னா அருளப்பா, சத்தத்தையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“கொழந்த தூங்குதுங்க ஐயா. நான் கத்தினா எழுந்து அது கத்துது. அதான் பின்பக்கமே நான் போவறதில்ல.”

பெண் குழந்தை. திமிரியிலிருந்து சலோமி தூக்கிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அன்று மதியமே முதலியார் ஒரு மனுவோடு என் மேஜைக்கு வந்தார். நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்று கேட்கும் மனு. அவர் ஆயுளில் ஒன்றை ஆதரித்து எழுதிய முதல் மனு என்பது நடையிலேயே தெரிந்தது. “ஆனால்” எங்கும் இல்லை. நடைமுறையைச் சொன்னேன். நிபந்தனையை மாற்றுவதென்றால் மறுபடி நோட்டீஸ் ஒட்ட வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும், ஒரு மாதம் ஆகும், அதுவரை பழைய நிபந்தனை செல்லும். ஒட்டினோம். தோப்புத் தெருவிலிருந்து ஒரு ஆட்சேபணையும் வராமல் முடிந்த ஒரே கோப்பு அது.

ஆனால் அந்த ஒரு மாதத்தை என்ன செய்வது?

“ஒரு மாசம் பின்பக்கம் போவாம நான் இருக்க முடியுமா? இல்ல, கொழந்ததான் தூங்காம இருக்குமாடா?” என்று அருளப்பன் வந்து நின்றான்.

“கொரல் குடுக்கணும்னுதான் எழுதியிருக்கேன்,” என்றேன். “எவ்ளோ சத்தமான்னு எழுதல.”

நிபந்தனை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டியது என் கடமை. ஒரு நாள் காலை சங்குக்கு முன்பே தோப்பில் போய் நின்றேன். மாடிப் பின்கதவு ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே விட்டத்திலிருந்து தொங்கும் தொட்டிலின் ஓரம் தெரிந்தது. அருளப்பன் இடுக்கில் வாயை வைத்து, காதோடு ரகசியம் சொல்வதுபோல், “கோஷா” என்றான்.

கீழே தன் கொல்லைக் கிணற்றடியில் அதற்காகவே காத்து நின்ற முதலியார் நிமிர்ந்து பார்த்தார். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, ஓசைப்படாமல் நடந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியிடம் போனார்.

“அருளப்பன் வர்றான். உள்ள போ.”

கமலாம்பாள் அசையவில்லை. ஈரத்துணியை உதறிக் கயிற்றில் போட்டார். “வரட்டும். வரும்போது கொழந்தயும் தூக்கினு வரச் சொல்லுங்க. நான் பாக்கணும்.”

“மெதுவாப் பேசு,” என்றார் முதலியார்.